மகனை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டாம், தம்பி

களுவாஞ்சிக்குடியிலிருந்து அடுத்த மாதம் குடும்பத்தோடு லண்டனுக்கு வரவிருக்கும் தம்பி, வாடகை, வேலை, குளிருடுப்பு எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "மகனுக்கு 10 வயது, ஆங்கிலம் நன்றாகப் பேசுவான், வைத்தியரிடம் போனாலும் அவனை வைத்துச் சமாளிக்கலாம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அதே பிழையைச் செய்தவன் நான்.

நாங்கள் 1999இல் ஆரையம்பதியிலிருந்து வந்தோம். இரண்டாம் ஆண்டில் என் மனைவியின் மார்பில் கட்டி ஒன்று இருப்பது தெரிந்தது. மருத்துவமனைக்கு மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. மகள்தான் நன்றாகப் பேசுகிறாளே என்று அங்கிருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். நானும் பெருமையோடு தலையாட்டினேன். அவளுக்கு அப்போது 11 வயது. வைத்தியர் சொல்லி முடித்ததும், பாடசாலைக் கம்பளிச் சட்டையின் கைநுனியை விரல்களுக்குள் சுருட்டிக்கொண்டு, "சின்னக் கட்டிதானாம் அம்மா, எடுத்தால் சரியாம்" என்றாள். புற்றுநோய் என்ற சொல்லை அவள் விழுங்கிவிட்டாள் என்பது, பின்னர் வந்த கடிதத்தை வேறொருவரிடம் கொடுத்து வாசிப்பித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த 9 நாட்களும் பிள்ளை அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். மனைவி குணமடைந்தார். ஆனால் இரவில் எழுந்து வந்து அம்மா மூச்சு விடுகிறாரா என்று பார்க்கும் பழக்கம் மகளை விட்டுப் பல ஆண்டுகள் போகவில்லை.

ஆகவே, குடும்ப வைத்தியரிடம் பதியும் நாளிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று எழுதிக் கொடுங்கள். இங்குள்ள தேசிய சுகாதார சேவையில் அதற்கு நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை; நேரில் ஆள் கிடைக்காவிட்டால் தொலைபேசியில் ஒருவரை இணைக்கச் சொல்லிக் கேளுங்கள். "வீட்டுக் கடிதமெல்லாம் என் மகன்தான் பார்க்கிறான்" என்று கோயில் மண்டபத்தில் பெருமை பேசும் நம்மவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. படிக்க வேண்டியவர்கள் நாம். நான் 41 வயதில், இரவு வேலை முடிந்த கையோடு காலை ஆங்கில வகுப்பில் போய் உட்கார்ந்தேன்; மூன்றாம் ஆண்டில் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் நானே பேசினேன்.

மற்றபடி, தடுப்பூசி விபரமுள்ள கிளினிக் கொப்பியைக் கைப்பையிலேயே கொண்டு வாருங்கள். மார்கழியில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது. அந்தக் குளிர்காலத்தில் வெயில் போதாது, ஆகவே பிள்ளைக்கு நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி கொடுங்கள்.

கடந்த ஆண்டு மகளை ஊருக்கு அழைத்துப் போயிருந்தேன். அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றோம். வைத்தியர் தமிழில் விளக்க, மகள் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் பேசாமல் இருந்தாள். வெளியே வந்ததும், "நான் ஒன்றுமே சொல்லத் தேவைப்படவில்லையே, அப்பா" என்றாள்.