ஸ்டாக் கார் ரேஸிங் கேம் ஆட ஆசை. எந்த கேம், எந்த ஸ்டீயரிங்கில் ஆரம்பிக்கலாம்? இடது பக்கமே திருப்பிக்கொண்டிருந்தால் போரடிக்காதா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பல வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோனவன் நான். போரடிக்காது. நாஸ்கார் (அமெரிக்காவின் பெரிய ஸ்டாக் கார் பந்தயத் தொடர்) என்றாலே "வட்டமடிப்பதுதானே" என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் ஒரு ஓவலில், அதாவது நீள்வட்டத் தடத்தில், பத்து சுற்று ஒழுங்காக ஓட்டிப் பார்த்தவர்கள் இல்லை.

என் நண்பர் ஒருவர் ஃபார்முலா கேம்களில் நல்ல கை. வீட்டில் டைரக்ட் டிரைவ் ஸ்டீயரிங் (மோட்டாரோடு நேரடியாக இணைந்தது), இரும்புச் சட்டம், மூன்று மானிட்டர் எல்லாம் உண்டு. என் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் கேட்டதையேதான் கேட்டார். பேசிப் புரியவைக்க முடியாது என்று, ஐரேஸிங் என்ற கணினி ரேஸிங் கேமில் ஸ்ட்ரீட் ஸ்டாக் காரை ஒரு சின்ன ஓவலில் போட்டுக் கொடுத்து உட்காரவைத்தேன். அது புதிதாகச் சேருகிறவர்கள் ஓட்டுகிற வண்டி. என்னுடையது மேஜையில் மாட்டிய பழைய லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங்.

முதல் வளைவில் ஃபார்முலா பழக்கத்தில் கடைசி நொடி வரை அழுத்திக்கொண்டு போய் பிரேக்கை மிதித்தார். முன்சக்கரம் பிடிக்கவில்லை, வண்டி நேராகப் போய் சுவரில் உரசியது. அடுத்த சுற்றில் மெதுவாகத்தான் நுழைந்தார். ஆனால் வளைவு பாதி முடிவதற்குள் ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டார். பின்பக்கம் நழுவி, வண்டி ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றது. வேகமான ஆள்தான். ஆனால் இந்த வண்டி கேட்பது வேறு.

அவருக்கு நான் காட்டியது இதுதான், உங்களுக்கும் இதையே சொல்கிறேன். வளைவு வருவதற்கு முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கை லேசாகத் தொட்டு, மெல்ல விடுங்கள். வண்டி தன் போக்கில் உருண்டு வளைவின் நடுவுக்கு வரும். அந்த இடத்தில் ஒன்றும் செய்யாமல் காத்திருக்க வேண்டும், அதுதான் பலருக்கு முடிவதில்லை. வண்டியின் மூக்கு அடுத்த நேர்ப்பாதையைப் பார்த்ததும், ஸ்டீயரிங்கை எவ்வளவு நேராக்குகிறீர்களோ அவ்வளவுக்கு மட்டும் ஆக்சிலரேட்டர் கொடுங்கள். அவசரப்பட்டு மிதித்தால் வலது பின் டயர் சுழன்று சூடாகும். இந்தச் சுற்றில் தப்பித்துவிடலாம். இருபது சுற்று கழித்து அந்த டயர் பிடிமானமே இல்லாமல் உங்களைக் கைவிடும். முன்பக்கம் திரும்ப மறுத்தால் 'டைட்', பின்பக்கம் நழுவினால் 'லூஸ்' என்பார்கள். பந்தயம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

எல்லா ஓவலும் ஒன்று என்று நினைப்பதும் தவறு. மார்ட்டின்ஸ்வில் 0.526 மைல்தான். வளைவுகளில் 12 டிகிரி சாய்வு, கடுமையான பிரேக் வேலை. டேட்டோனா 2.5 மைல், 31 டிகிரி சாய்வு. அங்கே பந்தயச் சுற்றில் பிரேக்குக்கு வேலையே கிடையாது. முன்னால் போகும் காரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு, யாரோடு வரிசை கட்டுவது, எப்போது விலகுவது என்பதுதான் ஆட்டம். டார்லிங்டனின் இரண்டு முனைகளும் இரண்டு விதம். நிலம் கொடுத்தவர் தன் மீன்குளத்தைத் தொடக்கூடாது என்றதால் ஒரு முனையைக் குறுக்கிக் கட்டினார்கள் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. ஆக, அந்த ஒரே சுற்றுக்குள் இரண்டு விதமாக ஓட்ட வேண்டும்.

இப்போது சாமான்கள். உங்களிடம் ஏற்கெனவே கன்சோலோ கணினியோ இருக்கிறது, ஸ்டீயரிங் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். கன்சோல் என்றால் 2025 அக்டோபரில் வந்த நாஸ்கார் 25 இருக்கிறது, ஐரேஸிங் நிறுவனமே உருவாக்கியது. முதலில் கன்ட்ரோலரிலேயே ஆடிப் பாருங்கள். பிடித்தால் மட்டும் ஸ்டீயரிங். வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: ஜி29 பிளேஸ்டேஷனுக்கு, ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கு. இரண்டும் கணினியில் ஓடும், ஆனால் ஒன்றை மற்ற கன்சோலில் மாட்ட முடியாது. மற்ற நிறுவனங்களின் ஸ்டீயரிங்குகளிலும் இதே கதைதான், கணினியில் மட்டுமே ஓடுபவையும் உண்டு. பெட்டியில் உங்கள் கன்சோலின் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

கணினி என்றால் தயங்காமல் ஐரேஸிங். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவ் கேமர்தான் 1994-இல் பாப்பிரஸ் நிறுவனம் மூலம் நாஸ்கார் ரேஸிங் கேமைக் கொண்டுவந்தவர், அந்த வேர் இதில் தெரியும். சந்தா கட்ட வேண்டும், அடிப்படைக் கார்களும் தடங்களும் அதிலேயே வரும், மற்றவற்றைத் தனியாக வாங்க வேண்டும். செலவுதான், மறைக்கவில்லை. அதனால் ஆரம்பத்தில் எதையும் தனியாக வாங்காதீர்கள். ரூக்கி (புதியவர்) நிலைப் பந்தயங்களுக்குச் சந்தாவோடு வருவதே போதும்.

ஸ்டீயரிங்கில் கைக்கு விசை கொடுக்கும் மோட்டார் எவ்வளவு பெரிது என்பதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். ஜி29 போன்ற, மோட்டார் விசையைப் பற்சக்கரம் வழியாகக் கடத்தும் ஸ்டீயரிங் தருவது சுமார் 2 நியூட்டன் மீட்டர் விசை, ஆரம்ப நிலை டைரக்ட் டிரைவ் 5-ஐ ஒட்டி இருக்கும். டைரக்ட் டிரைவ் வைத்திருப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். பின்பக்கம் நழுவத் தொடங்குவது அதில் முன்கூட்டியே கையில் தெரியும் என்பதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் ஓவலில் பந்தயம் வலது காலில்தான் இருக்கிறது. கூடுதல் பணம் இருந்தால் முதலில் பெடலுக்குப் போடுங்கள். சாதாரண பிரேக் பெடல் எவ்வளவு தூரம் அமுங்குகிறது என்பதை அளக்கும், லோடு செல் பெடல் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறீர்கள் என்பதை அளக்கும். கால் நினைவில் வைத்துக்கொள்வது அழுத்தத்தைத்தான். மார்ட்டின்ஸ்வில்லில் ஒவ்வொரு சுற்றும் ஒரே மாதிரி பிரேக் பிடிக்க இது கைகொடுக்கும்.

ஹெச் வடிவ கியர் லிவர் வாங்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். 2022-இல் வந்த நாஸ்காரின் நெக்ஸ்ட் ஜென் காரில் 5 கியர், முன்னும் பின்னும் தள்ளும் சீக்வென்ஷியல் வகை. பழைய கார்களை ஓட்ட ஆசை இருந்தால் ஒழிய ஹெச் லிவர் தேவையில்லை.

காசு செலவில்லாத இரண்டு விஷயம். சக்கரம் வைத்த நாற்காலியில் உட்காராதீர்கள், பிரேக் மிதிக்கும்போது நீங்கள் பின்னால் போவீர்கள், பெடல் அமுங்காது. கேமில் பார்வைக் கோணத்தை உங்கள் மானிட்டர் அளவுக்கும் கண்ணுக்கும் மானிட்டருக்கும் உள்ள தூரத்துக்கும் ஏற்றபடி வையுங்கள். கோணம் அகலமாக இருந்தால் வேகமாகப் போவதுபோலத் தெரியும், ஆனால் பக்கத்து வண்டி எவ்வளவு நெருக்கம் என்று கணிக்க முடியாது. ஸ்பாட்டர் குரலையும் அணைக்காதீர்கள். நிஜப் பந்தயத்திலேயே மேலே நின்று பார்த்துச் சொல்லும் ஸ்பாட்டரை நம்பித்தான் டிரைவர்கள் பக்கவாட்டில் நகர்கிறார்கள்.

ஆன்லைனில் போகும்போது ஒழுங்காக ஓட்டுங்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஐரேஸிங்கில் நிஜப் பெயரில்தான் ஓட்ட வேண்டும். மோதல் நடந்தால் யார்மேல் தப்பு என்று அது பார்ப்பதில்லை, இருவர் கணக்கிலும் அபராதப் புள்ளி ஏறும். அதனால் பின்னால் வருபவர் அவசரக்காரர் என்று தெரிந்தால் வழிவிடுவது கோழைத்தனம் ஆகாது. 2022 அக்டோபரில் மார்ட்டின்ஸ்வில்லில் நாஸ்கார் டிரைவர் ராஸ் சாஸ்டெய்ன் கடைசிச் சுற்றில் காரைச் சுவரோடு ஒட்டவைத்து, முழு வேகத்தில் ஐந்து பேரைத் தாண்டினார். சின்ன வயதில் ஆடிய வீடியோ கேமிலிருந்து வந்த யோசனை என்று அவரே சொன்னார். 2023 சீசன் தொடங்குமுன் அப்படிச் செய்தால் தண்டனை என்று நாஸ்கார் அறிவித்துவிட்டது. அவர் செய்தது துணிச்சல், தன் உடம்பைப் பணயம் வைத்தார். ஆனால் நான் சேர்ந்திருந்த ஒரு குழுவில், மணிக்கணக்கில் டயரைக் காப்பாற்றி ஓட்டியவர்களைக் கடைசிச் சுற்றில் ஒருவர் இப்படிச் சுவரில் உரசியே தாண்டிப் போனார். கேட்டதற்கு "கேம்தானே" என்றார். அன்றோடு அந்தக் குழுவிலிருந்து விலகினேன்.

"கேம்தானே" என்ற இந்தச் சொல்லை வீட்டிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பந்தயத்தைப் பாதியில் நிறுத்தி வைக்க முடியாது, என்னோடு இன்னும் முப்பது பேர் ஓடுகிறார்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், சரியாகக் கடைசிப் பத்துச் சுற்றில் ஒருவர் வந்து "ஒரு நிமிஷம் நிறுத்திட்டு வா" என்பார். ராத்திரி முழுக்க டிவி முன்னால் இருப்பவரை யாரும் எழுப்புவதில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் கேட்கிறேன். வளர்ந்த ஆளுக்குப் பொழுதுபோக்கு இருக்கக்கூடாதா?

நாஸ்கார் டிரைவர் வில்லியம் பைரன் சிறுவனாக இருந்தபோது ஐரேஸிங்கில்தான் பந்தயம் கற்றார். பிறகு நிஜ வண்டிக்குப் போய், 2024, 2025 என அடுத்தடுத்து டேட்டோனா 500 பந்தயத்தை வென்றார். உடனே "கேம் ஆடினால் ரேஸர் ஆகலாம் என்கிறாயா" என்று யாரும் வர வேண்டாம், அவருக்கு நிஜக் காரில் ஏற வாய்ப்பும் ஆதரவும் கிடைத்தன. நான் சொல்வது, அங்கே கற்ற கால் இங்கேயும் செல்லுபடி ஆயிற்று என்பதை மட்டும்தான்.

உங்களிடம் இருப்பது எந்த கன்சோல், அல்லது என்ன கிராஃபிக்ஸ் கார்டு, மேஜை அசையாமல் நிற்குமா என்று எழுதுங்கள். எந்த ஸ்டீயரிங் என்று குறிப்பாகச் சொல்கிறேன்.