பள்ளிவாரியாகக் குலுக்கிய ஆய்வில் 1000 மாணவிகள் போதுமா?

சமூக மருத்துவத்தில் முதுநிலை பயிலும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: ‘இரும்புச்சத்து மாத்திரையை ஆசிரியர் முன்னிலையிலேயே விழுங்கச் செய்தால் ஹீமோகுளோபின் அளவு கூடுகிறதா என்று அறிய, 20 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, பள்ளிக்கு 50 பேர் வீதம் 1000 மாணவிகளைச் சேர்க்கவிருக்கிறேன். மாணவிகளைத் தனித்தனியே குலுக்கினால் எத்தனை பேர் தேவை என்று சொல்லும் தனிநபர் சூத்திரப்படி 800 பேரே போதும். இரு பிரிவுகளின் சராசரிகளை வழக்கமான டி-சோதனையில் ஒப்பிடலாமா?’

ஒரே வகுப்பில் பாதிப் பேரை மட்டும் ஆசிரியர் கண்காணிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதால், பள்ளிவாரியாகப் பிரித்தது சரியே. ஆனால் 1000 என்ற எண்ணை நம்பிவிடாதீர்கள். ஒரு பள்ளியின் மாணவிகள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்தின் உணவையும் குடற்புழுத் தொல்லையையும் பகிர்ந்துகொள்பவர்கள். ஆகவே அவர்களின் அளவுகள் ஓரளவு ஒத்துப்போகும். அந்த ஒப்புமையைச் சொல்வதுதான் ஐசிசி எனப்படும் கெழு. அது 0.05 என்று வைத்துக்கொண்டால், தேவைப்படும் ஆட்கள் எத்தனை மடங்காகிறார்கள் என்று காட்டும் வடிவமைப்பு விளைவு 1 + (50 − 1) × 0.05, அதாவது 3.45. உங்கள் 1000 பேர், தனித்தனியே குலுக்கப்பட்ட ஏறத்தாழ 290 பேருக்குத்தான் சமம்.

பள்ளிக்கு 100 பேராக உயர்த்தினாலும் அந்தச் சமமான எண்ணிக்கை 336 ஆகுமே தவிர, எத்தனை பேரைச் சேர்த்தாலும் 20 பள்ளிகளைக் கொண்டு 400ஐத் தாண்ட முடியாது. அதே 50 பேர் வீதம் பள்ளிகளை 40 ஆக்கினால் 580 கிடைக்கும். பணமும் ஆளும் இருந்தால் பள்ளிகளைக் கூட்டுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. திருச்சி மாவட்டத்தில் நடத்தப்பட்டு 1990இல் வெளியான வைட்டமின் ஏ ஆய்வில் 15,419 குழந்தைகள் இருந்தார்கள். ஆனால் அதன் வலுவை எடைபோட நான் முதலில் பார்ப்பது, அவர்கள் 206 கொத்துகளாக, அதாவது ஒன்றாகக் குலுக்கப்படும் குழுக்களாக, பிரிக்கப்பட்டிருந்ததைத்தான்.

மாணவிகளைத் தனித்தனியாக எண்ணும் டி-சோதனை கூடாது. மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்று காட்டும் திட்டப்பிழை பொய்யாகச் சிறுத்து, இல்லாத பலன் இருப்பதாகத் தோன்றும். குழுவாகக் குலுக்கிவிட்டுத் தனிநபராகப் பகுத்தாய்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்று அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்ட் 1978லேயே எச்சரித்தார். பள்ளிக்கு ஒரு சராசரி எடுத்து, பத்துக்குப் பத்து என ஒப்பிடுங்கள். அந்த டி-சோதனைக்குக் கட்டின்மைப் படிகள், அதாவது சுதந்திரமாக மாறக்கூடிய தகவல்களின் எண்ணிக்கை, 18 மட்டுமே. வயது போன்றவற்றைச் சரிசெய்ய வேண்டுமானால் மாணவிகளின் வேறுபாட்டையும் பள்ளிகளின் வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் கலப்பு மாதிரியைப் பயன்படுத்தலாம். ஆனால் பள்ளிகள் குறைவு என்பதால் குழுக்கள் குறைவாக உள்ளபோது திட்டப்பிழையையும் கட்டின்மைப் படிகளையும் சரிசெய்யும் கென்வர்டு-ரோஜர் திருத்தத்தைத் தவிர்க்காதீர்கள்.

ஐசிசியை ஊகிக்காமல், இதையொத்த பள்ளிகளில் முன்பு எடுத்த அளவுகளிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பள்ளி எந்தப் பிரிவு என்று தெரிந்தபின் ஆள் சேர்த்தால் சேர்பவர்களே மாறிவிடுவார்கள். எனவே பெற்றோர் ஒப்புதலையும் முதல் இரத்தப் பரிசோதனையையும் எல்லாப் பள்ளிகளிலும் முடித்த பிறகே குலுக்கலை நடத்துங்கள்.