ஜிகாதி தீவிரவாதக் குழுக்கள் இணையத்தில் எப்படி ஆள் சேர்க்கின்றன?

கழுத்தறுக்கும் வீடியோக்களைப் பார்த்துத்தான் இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த விஷயத்தைத் தொடர்ந்து வாசித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வீடியோக்களின் முக்கிய வேலை மிரட்டுவது. 2014 ஆகஸ்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ஃபோலியைக் கொன்று ஐஎஸ் ('இஸ்லாமிய அரசு' என்று தன்னை அழைத்துக்கொண்ட தீவிரவாத அமைப்பு) வெளியிட்ட வீடியோ ஒரே நாளில் உலகம் முழுக்கச் செய்தியானது. அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

ஆள் சேர்க்க வெளியிட்டவை வேறு மாதிரி இருந்தன. நிரம்பி வழியும் சந்தை, இயங்கும் மருத்துவமனை, தோளில் கைபோட்டு நிற்கும் இளைஞர்கள். 'இங்கே உனக்கு ஒரு இடம் இருக்கிறது' என்பதே அவற்றின் செய்தி. 2014 ஜூலையில் ஐஎஸ் தொடங்கிய 'தாபிக்' என்ற பிரச்சார இதழ் ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் வந்தது. 110 நாடுகளிலிருந்து 40,000-க்கும் மேற்பட்டோர் சிரியாவுக்கும் இராக்குக்கும் போனதாக ஐநா மதிப்பிட்டது.

ஆனால் வீடியோ வெறும் தூண்டில்தான். உண்மையான ஆள்பிடிப்பு தனி அரட்டையில் நடக்கிறது. சிரியாவில் செத்துக் கிடக்கும் குழந்தைகளின் படத்தைப் பார்த்து மனம் கொதித்து ஒருவன் ஏதோ எழுதுகிறான். முகம் தெரியாத ஒரு 'சகோதரர்' கனிவாகப் பதில் போடுகிறார். தினமும் நலம் விசாரிக்கிறார். சில நாளில் பேச்சு மறையாக்கம் உள்ள, அதாவது பேசுபவர்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாத செயலிக்கு நகர்கிறது. அதன்பிறகு, வீட்டில் உள்ளவர்களுக்கு மார்க்கம் தெரியாது, பள்ளிவாசல் இமாம் அரசாங்கத்தின் ஆள் என்று சொல்லி ஒவ்வொருவரிடமிருந்தும் அவனைப் பிரித்துவிடுகிறார்கள். கடைசியில் அவனுக்கு மிஞ்சுவது அந்த 'சகோதரர்' மட்டுமே. என்னை மிகவும் கோபப்படுத்துவது இந்தக் கட்டம்தான். நியாயமான துக்கத்தை எடுத்து ஆயுதமாக்குகிறார்கள்.

நிறுவனங்கள் சும்மா இல்லை. ட்விட்டர் 125,000 கணக்குகளை முடக்கியதாக 2016 பிப்ரவரியில் அறிவித்தது. தீவிரவாத உள்ளடக்கத்தை ஒரு மணி நேரத்துக்குள் நீக்கும்படி உத்தரவிடும் அதிகாரம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் இருக்கிறது. இருந்தும் ஒரு தளத்தில் அடைத்தால் இன்னொன்றில் முளைக்கிறார்கள். அல்-கொய்தாவின் ஆங்கிலப் பிரச்சாரகர் அன்வர் அல்-அவ்லாகி 2011-இல் யேமனில் கொல்லப்பட்டார். அவருடைய பேச்சுகள் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் யூடியூபில் சுற்றின.

தமிழர்கள் இதை வேறு யாருடைய பிரச்சினையோ என்று நினைக்க முடியாது. இலங்கையில் 2019 ஏப்ரல் 21 அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட தாக்குதலை நடத்திய சஹ்ரான் ஹாஷிம், ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் தமிழில்தான் வெறுப்பைப் பரப்பினார். 2017-இல் போலீஸ் தேடத் தொடங்கியதும் தலைமறைவானார். பேச்சுகள் நிற்கவில்லை. அவரைப் பற்றி அதிகாரிகளை முன்கூட்டியே எச்சரித்தவர்கள் அந்நாட்டு முஸ்லிம்களே. இந்தக் கும்பல்களையும் ஒரு சமூகத்தையும் ஒன்றாகப் பேசுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படியான பதிவு தமிழில் கண்ணில் பட்டால் அந்தத் தளத்தில் உடனே புகார் கொடுங்கள். கண்டிப்பதற்காகக்கூட அதைப் பகிராதீர்கள். பகிர்ந்தால் அவர்களுக்கு வேண்டிய பரவலைக் கொடுப்பது நீங்களாகிவிடுவீர்கள்.