கடைசிப் பாட்டைப் போட்டுப் பாருங்கள்

"அப்பா சேர்த்துவைத்த 200 இசை சிடிக்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. நண்பர்கள் கணினியில் பதிந்து கொடுத்தவையும் அவற்றோடு கொஞ்சம் உண்டு. வீட்டிலிருக்கும் பெரிய பிளேயரின் தட்டு வெளியே வர மறுக்கிறது. கையோடு எடுத்துச் செல்லும் சிறிய சிடி பிளேயர் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். புதியது நல்லதா, பழைய மாடலைத் தேடிப் பிடிப்பது நல்லதா? ஒன்றின் பெட்டியில் அதிர்வுத் தடுப்பு 40 விநாடி என்றும் இன்னொன்றில் 120 விநாடி என்றும் போட்டிருக்கிறது. அதிகம் இருப்பதைத்தான் வாங்க வேண்டுமா? காலை நடையின்போது கேட்க முடியுமா?" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவற்றில் பாதி தானே தீர்ந்துவிடும். நடக்கும்போது கேட்கலாம், ஓடும்போது முடியாது. எந்த மாடலை வாங்கினாலும் இதுதான் நிலைமை.

காரணம், மூடிக்குள் நடக்கும் வேலை அப்படி. சிடியின் உள்விளிம்பைப் படிக்கும்போது தகடு நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று சுற்றுகிறது. வெளிவிளிம்புக்குப் போகப் போக வேகம் குறைந்து 200 சுற்றுக்கு வந்துவிடுகிறது. பாட்டு எழுதப்பட்டிருக்கும் சுருள்கோட்டின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் முப்பது நாற்பது சுற்றுகள் அடங்கிவிடும். அந்தக் கோட்டை ஒரு சின்னஞ்சிறிய லென்ஸ் தகட்டைத் தொடாமலேயே தொடர்ந்துகொண்டு போக வேண்டும். மெல்லிய கம்பிகளில் தொங்கும் அந்த லென்ஸை நீங்கள் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள். அது இவ்வளவு தூரம் தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம்.

தாக்குப்பிடிக்க உதவுவதுதான் பெட்டியில் போட்டிருக்கும் அந்த 40, 120 விநாடிக் கணக்கு. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நின்றாலும் தொட்டியில் இருக்கும்வரை குழாயில் தண்ணீர் வரும். பிளேயரும் தேவையைவிட வேகமாகத் தகட்டைப் படித்து மெமரியில் நிரப்பிவைத்துக்கொண்டு, அதிலிருந்துதான் நமக்குப் பாடுகிறது. குலுக்கலில் லென்ஸ் இடம் தவறினால், அது மறுபடி இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை மெமரி சமாளிக்கும். ஆனால் குலுக்கல் நிற்காமல் தொடர்ந்தால் தொட்டி காலியாகும், பாட்டு நிற்கும். 40 விநாடித் தொட்டி சீக்கிரம் காலியாகும், 120 விநாடித் தொட்டி சற்றுத் தாமதமாகக் காலியாகும், அவ்வளவே. லென்ஸ் எவ்வளவு விரைவாக இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் முக்கியம். அதை எந்தப் பெட்டியிலும் அச்சிடுவதில்லை.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. சிடியின் ஒலி விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 14 லட்சம் பிட்டுக்கு மேல் வரும். 16 மெகாபிட் மெமரி சிப்பில் இதை அப்படியே வைத்தால் பதினோரு விநாடிதான் பிடிக்கும். அதே சிப்பில் 40 விநாடி பிடிக்க வேண்டுமென்றால் ஒலியைச் சுருக்கித்தான் வைத்தாக வேண்டும். பழைய பிளேயர்கள் பலவற்றில் இப்படித்தான் செய்தார்கள். நல்ல ஹெட்போனில், அமைதியான அறையில், ஒற்றை வயலின் மெல்ல மறையும் இடத்தில் கவனித்தால் சில மாடல்களில் வித்தியாசம் காதுக்குத் தெரியும். அதனால்தான் அதிர்வுத் தடுப்பை நிறுத்திவைக்கத் தனியாக ஒரு பொத்தான் வைத்திருக்கும் மாடல்களை எனக்குப் பிடிக்கும். மேசைமேல் வைத்துக் கேட்கும்போது அதை அணைத்துவிடலாம்.

நடக்கும்போது பிளேயரைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாமல், இடுப்போடு ஒட்டிய பையில் அழுத்தமாக வையுங்கள். மெதுவான சாய்வு எதையும் கெடுக்காது. சட்டென்று திருப்புவதுதான் கெடுக்கும். சுழலும் தகடு பம்பரம் மாதிரி. திடீரென்று திருப்பினால் முரண்டு பிடிக்கும். வெளிச்சத்தத்தை மிஞ்ச ஒலியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் கூடினால் நேரம் மளமளவென்று குறைந்துவிடும். ஓடுவதற்கு என்றால், சிடியைக் கணினியில் இழப்பில்லாத வடிவத்தில் நகலெடுத்துக் கைபேசியில் போட்டுக்கொள்வதே என் யோசனை.

இனி, புதியதா பழையதா? சிடி 1982இல் சந்தைக்கு வந்தது. இரண்டே ஆண்டில், 1984இல், சோனி தன் டி-50 மாடலைக் கொண்டுவந்தது. அதுதான் முதல் கையடக்க சிடி பிளேயர். அடுத்த இருபது ஆண்டுகளில் பல கம்பெனிகள் போட்டிபோட்டுக்கொண்டு செய்தவற்றில் அருமையான பொருள்கள் உண்டு. அழுத்தமான மூடி, தெளிவான ஒலி, ஆம்பிளிபையரோடு இணைக்கத் தனி 'லைன் அவுட்' வழி, சிலவற்றில் ஒளிக்கம்பி வழியாக டிஜிட்டல் வெளியீடு. இவற்றைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் சொல்லாமல் விடுவது, உள்ளே இருக்கும் வயதை. லேசரின் வலு குறைந்திருக்கும். லென்ஸ் நகரும் தண்டில் பூசிய மசகு இறுகியிருக்கும். எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் செய்தவற்றில் மின்தேக்கிகள் கசிந்து சர்க்யூட் பலகையை அரித்திருப்பது சாதாரணம். மெலிந்த சில மாடல்கள் சூயிங்கம் பட்டை வடிவத் தட்டை பேட்டரியைக் கேட்கும். அதைத் தேடி அலைய வேண்டும்.

புதியவற்றில் யூஎஸ்பி-சி சார்ஜிங், புளூடூத், உள்ளேயே லித்தியம் பேட்டரி என்று வசதிகள் இருக்கின்றன. குறைகள் வேறு மாதிரியானவை. சிலவற்றில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது ஹெட்போனில் மெல்லிய ரீங்காரம் கேட்கும். பேட்டரி தளர்ந்துபோனால் பலவற்றில் நாமே மாற்ற முடியாது. இருந்தாலும், ஸ்குரூ டிரைவர் பிடித்துப் பழக்கமில்லாதவருக்கு நான் புதியதையே சொல்வேன். கேட்டுப் பார்த்து வாங்க வழியிருந்தால், அல்லது பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், பழையதையும் பார்க்கலாம்.

கேட்டுப் பார்ப்பதென்றால் முதல் பாட்டை அல்ல. இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றேன். பளபளவென்றிருந்த ஒரு பழைய பிளேயரில் மூன்று பாட்டுகளைக் கேட்டுவிட்டுச் சந்தோஷமாக வாங்கி வந்தேன். வீட்டில் எட்டாவது பாட்டில் திக்கத் தொடங்கியது, ஒன்பதாவதில் நின்றேவிட்டது. சிடி உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கப்படுகிறது. முதல் பாட்டு நடுத்துளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே தகட்டின் ஆட்டம் குறைவு, விரல்பட்ட அழுக்கும் குறைவு. எனவே கிழப் பிளேயர்கூட முதல் பாட்டைப் பாடிவிடும். வெளிவிளிம்பில்தான் தகடு மேலும் கீழுமாக அதிகம் அலையும், களைத்த லென்ஸ் அதைத் தொடர முடியாமல் திணறும். ஆகவே 70 நிமிடத்துக்குமேல் ஓடும் சிடி ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைசிப் பாட்டை முழுதாகக் கேளுங்கள். பிறகு முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நாலைந்து முறை மாறி மாறித் தாவச் செய்யுங்கள். 'சர்க்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு இரண்டு மூன்று விநாடியில் போய்விட வேண்டும். கரகரவென்று பல் அரைபடும் சத்தம் வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஹெட்போன் செருகும் துளையில் பிளக்கை மெல்லத் திருப்பி, ஒலி விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள். பேட்டரி அறையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொத்தானை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லையென்றால், செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் பக்கவாட்டில் 'ஹோல்ட்' என்ற சிறு தள்ளுவிசையைத் தேடுங்கள். பைக்குள் தவறுதலாகப் பொத்தான் அழுந்தாமலிருக்க வைத்தது அது. அது தள்ளப்பட்டிருந்தால் எந்தப் பொத்தானும் வேலை செய்யாது. பழுது என்று என்னிடம் வந்தவற்றில் சில, அதை எதிர்ப்பக்கம் தள்ளியதுமே குணமாகிவிட்டன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

பழைய மாடலுக்கு அடாப்டர் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பிளக் பொருந்திவிட்டால் போதும் என்று செருகிவிடக் கூடாது. பிளேயரின் துளைக்குப் பக்கத்தில் வோல்டேஜும், நடு ஊசி நேர்முனையா எதிர்முனையா என்று காட்டும் சிறு வட்டப் படமும் இருக்கும். இரண்டும் அடாப்டரோடு ஒத்துப்போக வேண்டும். 4.5 வோல்ட் கேட்கும் பிளேயருக்கு 9 வோல்ட் கொடுத்தால் அன்றோடு சரி. ஏஏ பேட்டரி போடுவதானால் ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகையே கட்டுப்படியாகும். அதன் அழுத்தம் 1.5க்குப் பதில் 1.2 வோல்ட் என்பதால், சார்ஜ் இருக்கும்போதே சில பிளேயர்கள் 'பேட்டரி குறைவு' என்று காட்டும். மாதக்கணக்கில் தொடப்போவதில்லையென்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

நண்பர்கள் பதிந்து கொடுத்த சிடிக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் அச்சான சிடி, லேசர் ஒளியில் 70 சதவீதம்போலத் திருப்பி அனுப்பும். மறுபடி மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வகைத் தகடு 15 முதல் 25 சதவீதம்தான் அனுப்பும். பழைய பிளேயருக்கு அது இருட்டில் புத்தகம் படிப்பது மாதிரி. ஒருமுறை மட்டும் எழுதும் சிடி-ஆர் பெரும்பாலும் ஓடிவிடும். அதில் இருப்பது எம்பி3 கோப்புகள் என்றால், எம்பி3 படிக்கத் தெரிந்த பிளேயர்தான் வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் 700 மெகாபைட் தகட்டில், 128 கிலோபிட் தரத்தில், 12 மணி நேரத்துக்கு மேல் பாட்டு கிடைக்கும். ஆனால் இடைவிடாமல் ஓடும் மேடைக் கச்சேரிப் பதிவுகளில், ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கைதட்டல் அறுந்து விழும். சிடி-ஆரின் பதிவு ஒரு சாயப்படலத்தில் இருக்கிறது. வெயிலும் சூடும் பட்டால் சாயம் வெளுக்கும். அப்பாவின் கடைச் சிடிக்கள் இன்னும் பல ஆண்டுகள் இருக்கும். இந்தக் கைப்பதிவுகளை இந்த வாரமே கணினியில் நகலெடுத்துவிடுங்கள்.

தொகுப்பில் வேறு வகைத் தகடுகள் கலந்திருக்கின்றனவா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எட்டு சென்டிமீட்டர் சிறு சிடிக்கள் நடுத்தண்டில் பொருத்தும் கையடக்கப் பிளேயரில் தாராளமாக ஓடும். எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி என்ற வேறு வகைத் தகடு) என்று போட்டிருந்தால், கூடவே சாதாரண சிடி அடுக்கும் உண்டா என்று அட்டையில் பார்க்க வேண்டும். சதுர உறைக்குள் இருக்கும் மினிடிஸ்க் இதில் சேராது. அதற்குத் தனிப் பிளேயர்.

தகட்டைப் போடும்போது விளிம்பை அழுத்தாமல், நடுவில் இரு விரலால் 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். எடுக்கும்போது கட்டைவிரல் நடுத்தண்டில் இருக்கட்டும், மற்ற விரல்கள் விளிம்பைத் தூக்கட்டும். மின்னும் பக்கத்துக் கீறலுக்காகத்தான் எல்லோரும் பதறுகிறார்கள். உண்மையில் நோஞ்சான், எழுத்து அச்சிட்ட பக்கம். லேசர் 1.2 மில்லிமீட்டர் கனமான பிளாஸ்டிக்கைக் கடந்து போய்த்தான் பதிவைப் படிக்கிறது. பதிவு இருப்பதோ எழுத்துக்கு அடியிலேயே, ஒரு மெல்லிய பூச்சுக்குக் கீழே. கீழ்ப்பக்கக் கீறல் ஜன்னல் கண்ணாடியில் விழுந்த கோடு போல; மேல்பக்கக் கீறல் பாட்டையே சுரண்டி எடுத்துவிடும். சந்தேகமிருந்தால் விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஓட்டை விழுந்திருந்தால் ஊசிமுனை வெளிச்சம் தெரியும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பாட்டின் தடத்தோடே ஓடும். பிளேயரின் பிழைதிருத்தத்தால் அவ்வளவு நீளத்தை ஈடுகட்ட முடியாது.

லென்ஸில் தூசி படிந்தால் கேமராவுக்குப் பயன்படுத்தும் ரப்பர் ஊதுபந்து போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். தூரிகை ஒட்டிய 'கிளீனர்' தகடுகளைக் கையடக்கப் பிளேயரில் நான் போடுவதில்லை. மூடி திறந்திருக்கும்போது சுழலவைக்க உள்ளிருக்கும் விசையை ஏமாற்றாதீர்கள். 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும்.

அந்தப் பெரிய பிளேயரைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? தட்டு வெளியே வராததற்கு மிகச் சாதாரணமான காரணம், அதைத் தள்ளும் சிறு ரப்பர் வளையம் தளர்ந்துபோவது. பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. அதுவரை, வாங்கப்போகும் சிறிய பிளேயரில் லைன் அவுட் இருந்தால், ஒரு கேபிள் போட்டு உங்கள் பழைய ஸ்பீக்கர்களிலேயே கேட்டுக்கொண்டிருக்கலாம்.