கிளினிக் கொப்பியை மட்டும் அனுப்பினால் போதுமா? மனநல மருந்து கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒலன்சபின், ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்துகள் பற்றித்தான். வழக்கமாகச் சொல்வதை மறுபடியும் சொல்கிறேன்: கிளினிக்கில் கேட்காமல் அளவைக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள்.

இரவுக் குளிசையை மறந்துவிட்டேன். மறுநாள் இரண்டாகப் போடலாமா? (ஹட்டன்)

கூடாது. இரவிலேயே நினைவு வந்தால் போடுங்கள். விடிந்துவிட்டால் அதை விட்டுவிட்டு, அன்றிரவு வழக்கமானதை மட்டும் போடுங்கள். க்ளோசபின் என்ற மனநோய் மருந்து என்றால் கதை வேறு. இரண்டு நாள் விட்டுப்போனால் பழைய அளவில் திரும்ப ஆரம்பிக்கவே கூடாது. இரத்த அழுத்தம் விழும், வலிப்பும் வரலாம். கிளினிக்கில் சொல்லி, சின்ன அளவிலிருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

காலையில் ஒரு வெள்ளைக் குளிசை, இரவில் ஒரு மஞ்சள் குளிசை. காய்ச்சலுக்கு வேறு மருந்து சேர்த்துக் குடிக்கலாமா? (பூண்டுலோயா)

எந்த வெள்ளை, எந்த மஞ்சள்? கம்பெனி மாறினால் நிறமும் மாறும். பெயரும் மில்லிகிராமும் இல்லாமல் பதில் சொல்வது ஆபத்து. மருந்து உறையில் சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தால், தமிழில் எழுதித் தரும்படி மருந்து கொடுக்கும் இடத்திலேயே கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை. காய்ச்சலோடு உடம்பு கட்டைபோல இறுகி, பேச்சும் குழம்பினால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

அம்மாவுக்கு மாதம் ஒரு ஊசி. கை நடுக்கம், நடையும் இறுக்கம். நடுக்கத்துக்குப் பென்செக்சோல் குளிசையும் கொடுக்கிறோம், குறையவில்லை. (பண்டாரவளை)

அம்மா வெற்றிலை போடுகிறாரா? நீங்கள் எழுதவில்லை, கிளினிக்கிலும் யாரும் சொல்வதில்லை. பாக்கில் இருக்கும் அரிகோலின், பென்செக்சோல் செய்யும் வேலைக்கு எதிராக வேலை செய்யும். நாள் முழுக்கப் பாக்கு மெல்லுகிறவர்களுக்கு இந்த ஊசியால் வரும் நடுக்கமும் இறுக்கமும் மோசமாகலாம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுகிறார் என்று சொல்லுங்கள். ஊசியின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகப் பென்செக்சோலைக் கூட்ட வேண்டாம். வயதானவர்களுக்கு அது மலச்சிக்கலையும் குழப்பத்தையும் கொண்டுவரும்.

கணவருக்கு ஆறேழு வருடமாக ஒலன்சபின். தோட்டத்தில் அவருக்கு ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போய்விடும் என்பதால் நான்தான் கொப்பியைக் கொண்டுபோய் மருந்து எடுக்கிறேன். இப்போது உடம்பு ரொம்பப் போட்டுவிட்டது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறார், இரவில் நாலைந்து தடவை சிறுநீருக்கு எழும்புகிறார். குளிசையைப் பாதியாக்கலாமா? (தலவாக்கலை)

தங்கச்சி, பாதியாக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது நீரிழிவின் அறிகுறி. இந்த வாரமே இரத்தத்தில் சீனி பாருங்கள். வாந்தி, சோர்வு, மயக்கம் ஏதாவது சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கொப்பி மட்டும் கிளினிக் போய் ஆள் வராமல் இருக்கும் இந்தப் பழக்கம் பற்றி நான் எழுதாத மாதம் இல்லை. ஒலன்சபின் பசியைத் தூண்டி எடையை ஏற்றும். சீனியையும் கொழுப்பையும் ஏற்றும். அதனால் தொடங்கும்போது ஒரு முறை, மூன்று மாதத்தில் ஒரு முறை, அப்புறம் வருடத்துக்கு ஒரு முறையாவது எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் மருந்து எடுப்பவர்களில் சிலருக்கு வாயும் நாக்கும் தானாக அசையத் தொடங்கும். ஆரம்பத்திலேயே கண்டால் ஏதாவது செய்யலாம். ஆளை நேரில் பார்த்தால்தானே அது தெரியும்?

பேர் போகும், பஸ் காசு போகும் என்பது எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் அந்த ஒரு நாள் சம்பளத்துக்கு என்ன மதிப்பு என்பதும் தெரியும். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒரு நாளாவது அவரே வரட்டும். கிளினிக் திகதியைக் கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆள் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்காமல் மருந்தை நீட்டும் கிளினிக்குகள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. வீட்டில் இன்றிலிருந்தே பிளேன்டீயில் சீனியை நிறுத்துங்கள், ரொட்டியின் எண்ணிக்கையைக் குறையுங்கள். எடை ஏற்றாத வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் குடிப்பேன். அன்றைக்குக் குளிசையை விடலாமா? (நோர்வூட்)

விட வேண்டியது குடியை. கசிப்பு (கள்ளச்சாராயம்) என்றால் இன்னும் மோசம்.

தம்பிக்கு ஊசி போட்ட அன்றிரவே கழுத்து ஒரு பக்கம் இழுத்து, கண் மேலே சொருகிவிட்டது. பேய் என்று பூசாரியிடம் கூட்டிப்போனோம். (மஸ்கெலியா)

ஹலோபெரிடோல் போன்ற மருந்துகளுக்கு, அதுவும் இளைஞர்களுக்கு, முதல் சில நாட்களில் இப்படித் தசை இழுப்பது உண்டு. மாற்று ஊசி போட்டால் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். தொண்டைத் தசை இழுத்தால் மூச்சே தடைப்படலாம். ஆகவே நடுராத்திரி என்றாலும் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். கோயிலுக்கு மறுநாள் போகலாம். எந்த மருந்துக்கு இப்படி வந்தது என்று கொப்பியில் பெரிதாக எழுதி வாங்குங்கள்.

க்ளோசபின் எடுக்கிறேன். போன மாதம் சிகரட்டை விட்டேன். அதிலிருந்து எந்நேரமும் தூக்கம், வாயில் எச்சில். (பதுளை)

விட்டது மிக நல்லது, திரும்பத் தொடாதீர்கள். புகை க்ளோசபினை வேகமாக உடலிலிருந்து வெளியேற்றும்; புகை நின்றதும் அதே அளவு மருந்து இரத்தத்தில் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏறலாம். ஒலன்சபினுக்கும் இது பொருந்தும். நாளைக்கே கிளினிக்கில் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். காய்ச்சல், தொண்டை வலி என்றாலோ மூன்று நாள் மலம் போகவில்லை என்றாலோ காத்திருக்க வேண்டாம்.

மூன்று மாதக் கர்ப்பம். பயத்தில் ரிஸ்பெரிடோனை நிறுத்திவிட்டேன். (லிந்துலை)

இந்த வாரமே கிளினிக் போங்கள், மிட்வைஃப் அம்மாவிடமும் சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பலாம். அது உங்களுக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. கர்ப்பத்திலும் தொடரக்கூடிய மருந்துகள் உண்டு, எது என்பதை டொக்டர் முடிவு செய்வார். மருந்துகளில் வல்ப்ரோயேட் என்று ஏதாவது இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், பிள்ளையை அதிகமாகப் பாதிக்கக்கூடிய மருந்து அது. அதற்குள் தூக்கம் கெட்டாலோ குரல்கள் கேட்கத் தொடங்கினாலோ 1926 மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள்.