‘இல்லை’ நோட்டு

ஐயா, வணக்கம்.

கிளை நூலகம் ஒன்றில் 19 வருடங்களாக வேலை பார்க்கிறேன். சான்றிதழ் படிப்பில் நான் கற்றது புத்தக விவரத்தைக் கார்டில் எழுதுவதும், பொருள்வாரியாகப் பிரிக்க டூயி எண் போடுவதும்தான். இப்போது வரும் பிள்ளைகள் கோஹா என்ற நூலக மென்பொருள், மெட்டாடேட்டா என்கிறார்கள். வருடத்துக்கு ஒருநாள் பயிற்சி கிடைத்தாலே அதிகம். அதிலும் பாதி நேரம் பொன்னாடைக்கே போய்விடுகிறது. நான் எப்படித்தான் என்னைப் புதுப்பித்துக்கொள்வது?

– ஒரு கிளை நூலகர்

அன்புள்ள நண்பருக்கு,

பொன்னாடை வரியில் சிரித்துவிட்டேன். பயிற்சி தரவேண்டியது துறையின் கடமை, கேட்பதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தபோது, இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். நூலக வேலை தெரியாது. லண்டனுக்குப் போய்ப் படித்தார். படிப்போடு நிற்காமல் அங்குள்ள நூலகங்களில் ஏறி இறங்கினார். 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் பேரில் கோடை வகுப்பே நடத்தத் தொடங்கிவிட்டார். நீங்களும் கோஹா ஓடுகிற நூலகம் ஒன்றில் அரைநாள் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள்.

கோஹா இலவசம். நியூசிலாந்தில் பிறந்தது, மாவோரி மொழியில் ‘கொடை’ என்று பொருள். நிறுவுவதுதான் தலைவலி. கணினியில் லினக்ஸ் இயங்குதளம் தெரிந்த கல்லூரிப் பையன் யாராவது வாசகராக இருப்பான், பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் ஐம்பது புத்தகங்களை ஏற்றிப் பாருங்கள். பத்தாவது புத்தகத்திலேயே ஒரு சிக்கல் வரும். ஒரே ஆசிரியரின் பெயர் ஒரு புத்தகத்துக்கு ‘ரங்கநாதன், எஸ்.ஆர்.’ என்று ஏறியிருக்கும், இன்னொன்றுக்கு ‘அரங்கநாதன், சீ.இரா.’ என்று. தேடுகிறவருக்குப் பாதிப் புத்தகம் கண்ணில் படாது. கார்டு காலத்தில் இதற்கு என்ன செய்தீர்கள்? ஒரு பெயரின் கீழ் ‘காண்க’ என்று எழுதி மற்றப் பெயருக்கு அனுப்பினீர்கள். அதையே இப்போது அத்தாரிட்டி ரெக்கார்டு என்கிறார்கள். மெட்டாடேட்டா என்று பிள்ளைகள் சொல்வதில் பெரும்பகுதி உங்கள் கார்டில் இருந்த விவரம்தான். எந்தப் பட்டனை அமுக்குவது என்று அவர்களிடம் கேளுங்கள், ‘காண்க’ எதற்கென்று நீங்கள் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. என் சின்ன வயதில் எங்கள் ஊர் நூலகர் மேசையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடக்கும். யாருக்கெல்லாம் ‘இல்லை’ என்று சொன்னாரோ அதையெல்லாம் அதில் எழுதிவைப்பார். வீட்டில் மீன் தொட்டி செய்வது எப்படி என்று நான் கேட்டதும் அதில் ஏறியது. இரண்டு வாரம் கழித்துத் தெருவில் கூப்பிட்டு, “டேய், உன் மீன் கிடைச்சிருச்சு” என்றார். பழைய விவசாயப் பத்திரிகை ஒன்றைத் தோண்டி எடுத்திருந்தார்.

இன்று அந்த நோட்டில் பட்டா மாறுதலுக்கு ஆன்லைனில் எப்படி விண்ணப்பிப்பது, வாட்ஸப்பில் வந்த செய்தி மெய்யா பொய்யா என்பதெல்லாம் ஏறும். அடுத்து எதைக் கற்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடத்திட்டம் எனக்குத் தெரியவில்லை.

நாளைக்கே ஒரு நோட்டு போடுங்கள். முதல் பக்கத்தில் என்னென்ன ஏறியது என்று ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.