எஸ்ட்ராடா எழுந்ததும் விழுந்ததும்: கேள்வி பதில்

பிலிப்பைன்ஸ் முன்னாள் அதிபர் ஜோசப் எஸ்ட்ராடா பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: சினிமா நடிகரைத் தூக்கி அதிபர் நாற்காலியில் வைத்தது மக்கள் தப்புதானே?

பதில்: அப்படிச் சொல்லாதீர்கள். படத்திலிருந்து நேராக அரண்மனைக்கு வந்தவர் இல்லை அவர். 1969 முதல் 1986 வரை சான் ஹுவான் மேயர், அப்புறம் செனட்டர், 1992இல் துணை அதிபர். 'எராப்' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், அது 'பாரே' என்ற சொல்லைத் திருப்பிப் போட்டது, நாம் 'மச்சான்' என்கிறோமே, அந்த மாதிரி. சில பெரிய குடும்பங்களே மாறி மாறி ஆண்ட நாட்டில் ஒருவர் சேரிக்குள் வந்து கையால் அள்ளிச் சாப்பிட்டு அவர்கள் பேச்சிலேயே பேசினால் ஓட்டுப் போடாமல் என்ன செய்வார்கள்? 1998இல் கிட்டத்தட்ட 40 சதவீத வாக்கு, ஒரு கோடிக்கும் மேல். நம்பியவர்கள் மேல் தப்பில்லை.

கேள்வி: ஹுவெடெங் பணம் என்கிறார்களே, அது என்ன?

பதில்: 1 முதல் 37 வரை உள்ள எண்களில் இரண்டைச் சொல்லிப் பணம் கட்டும் சூதாட்டம், சட்டப்படி குற்றம். வசூல்காரர் வீடு வீடாக வருவார், வாசலிலேயே சில்லறையை வாங்கிக்கொண்டு துண்டுச்சீட்டில் எண்ணை எழுதிக்கொண்டு போவார். கட்டுகிறவர்கள் அன்றாடங்காய்ச்சிகள். அந்தச் சில்லறையில் ஒரு பங்கு மாமூலாகப் போலீஸ், அரசியல்வாதி என்று மேலே ஏறிக்கொண்டே போகும். 2000 அக்டோபரில் இலோகோஸ் சூர் மாகாண ஆளுநர் சாவிட் சிங்சோன், அதிபரின் பழைய கூட்டாளி, "நானே அதிபருக்கு 40 கோடி பெசோ கொடுத்தேன்" என்று போட்டு உடைத்தார். எனக்கு வயிறு எரிவது தொகையைப் பார்த்து இல்லை. 'ஏழைகளுக்கு எராப்' என்று சொல்லி ஓட்டு வாங்கியவர் வாங்கியது அந்த ஏழைகள் வாசலில் கொடுத்த சில்லறையை.

கேள்வி: ஒரு உறையைத் திறக்காததால்தான் ஆட்சி போனது என்பது உண்மையா?

பதில்: உண்மை. 2000 டிசம்பர் 7 முதல் செனட்டில் பதவிநீக்க விசாரணை, ஊரே டிவி முன்னால். கிளாரிஸா ஒகாம்போ என்ற வங்கி அதிகாரி வந்து, 'ஹோஸே வெலார்டே' என்ற வேறு பெயரில் அதிபர் வங்கிப் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டபோது தான் ஓரடி தள்ளித்தான் இருந்ததாகச் சொன்னார். அதிகாரத்தில் இருக்கும் அதிபருக்கு எதிராக அப்படி வந்து உட்கார எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஜனவரி 16 அன்று அந்த வங்கிக் கணக்கு விவரம் இருந்த உறையைத் திறக்க வேண்டாம் என்று செனட்டர்கள் 11க்கு 10 என்று வாக்களித்தார்கள். ஒரு பெண் செனட்டர் அங்கேயே நடனம் ஆடியதையும் நாடு பார்த்தது. அன்றிரவே எஸ்எம்எஸ் பறந்து மணிலாவின் எட்சா சாலையில் கூட்டம் கூடிவிட்டது. 19ஆம் தேதி ராணுவம் கைவிட்டது, 20 நண்பகலில் துணை அதிபர் அரோயோ பதவியேற்றார், எஸ்ட்ராடா மாலக்கான்யாங் அதிபர் மாளிகையின் பின்பக்கம் பாசிக் ஆற்றில் படகேறிப் போனார். பிறகு உறையைத் திறந்தால், கணக்கு வேறொரு தொழிலதிபர் பெயரில் இருந்தது.

கேள்வி: திருடனை மக்கள் விரட்டினார்கள், நல்லதுதானே?

பதில்: இங்கேதான் எனக்கு நெருடல். விசாரணை முடியவே இல்லை, தெருவும் ராணுவமும் சேர்ந்து முடித்துவைத்தன. ஏப்ரலில் அவரைக் கைது செய்ததும் அதே எட்சாவில் ஏழைகள் கூடினார்கள், மே 1 அன்று மாளிகையை நோக்கிப் போனார்கள், உயிர்கள் போயின. குளிக்காதவர்கள், பல் இல்லாதவர்கள் என்று அவர்களைக் கேலி செய்தார்கள். ஜனவரியில் கூடியவர்கள் 'மக்கள்', மே மாதத்தில் கூடியவர்கள் 'கும்பல்' என்றால் எப்படி?

கேள்வி: தண்டனை கிடைத்ததா?

பதில்: 2007 செப்டம்பர் 12 அன்று, ஊழல் வழக்குகளுக்கான சண்டிகன்பாயன் நீதிமன்றம் பெருங்கொள்ளைச் சட்டப்படி ஆயுள் தண்டனை கொடுத்தது. ஹுவெடெங் பணம் நிரூபணமானது. தொழிலாளர் சேமநிதியை வைத்து ஒரு கம்பெனியின் பங்கு வாங்க வைத்துச் சுமார் 19 கோடி பெசோ கமிஷன் அடித்ததும் நிரூபணமானது. காவலில் இருந்த காலத்தில் சில ஆண்டுகளைத் தனாய் என்ற ஊரில் உள்ள தன் சொந்த ஓய்வு இல்லத்தில்தான் கழித்தார். தீர்ப்பு வந்து ஆறே வாரத்தில் அரோயோ மன்னித்தார். 2010இல் மறுபடி அதிபர் தேர்தலில் நின்று இரண்டாம் இடம், 2013இல் மணிலா மேயர், 2019இல்தான் தோற்றார்.

கேள்வி: அந்த அரோயோ என்ன ஆனார்?

பதில்: 2011இல் கைதானார், அடுத்த ஆண்டு அவர் மேலும் அதே பெருங்கொள்ளைச் சட்டம் பாய்ந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் ஆதாரம் போதாது என்று விடுவித்தது.